பதினாறு இன்ச்

தம்புச் செட்டித் தெருக் கடையில்
இருபத்திரண்டு இன்ச்சைத்தான் முதலில் எடுத்து நீட்டினான்.
மஞ்சள் உடம்பு, நீள பிளேடு,
கூடவே ஒரு டீ-ஷர்ட் இலவசம்.
கையை நீட்டிப் பிடித்தபடி
நூறு எண்ணிக்கொண்டு நின்றேன்.
எழுபதிலேயே தோள் பேச ஆரம்பித்துவிட்டது.
"இன்னாண்ணா, மிஷின் வாங்க வந்தியா,
எக்சசைஸ் பண்ண வந்தியா?"

பதினாறு போதும்.
செயின் பிரேக்கை மட்டும் நாலு தடவை தட்டிப் பார்த்தேன்.
தட்டின மாத்திரத்தில் நிற்க வேண்டும்.
யோசித்து நிற்கிற பிரேக்
அற்புதராஜுக்கு வாய்த்தது.
பிளேடின் மூக்கு எதையோ முட்டி
மிஷின் அவன் முகம் பார்க்க எழும்பியது.
இப்போதெல்லாம் ஒரு பக்கமாகத்தான் சிரிப்பான்.
கயிறு அவன் பிடிக்கிறான், மிஷினை நான்.

இந்தப் புயலுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று
நினைவில்லை.
வியாசர்பாடி, விடிகாலை நாலே கால்,
முழங்காலுக்குத் தண்ணீர்.
தூங்குமூஞ்சி மரம் வேரோடு
பிளாட்பாரத்துக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு
ஒரு ஷேர் ஆட்டோவின்மேல் படுத்திருந்தது.
மரத்துக்கு அந்தப் பக்கம்
ஃப்ரீசர் பாக்ஸில் ஒருவர்.
இந்தப் பக்கம்
அவரை ஏற்றிப்போக வந்த வண்டியும்
நனைந்த மேளத்தோடு நாலு பேரும்.

பில்லர் பாக்ஸில் ஒரு கிளை சாய்ந்திருந்தது.
"சப்ளை எடுத்தாச்சு, வெட்டு" என்றான் போனில்
லைன்மேன் கஜேந்திரன்.
நேரில் வந்து சொல் என்றேன்.
வந்தான், மடித்துக் கட்டிய லுங்கியோடு, டெஸ்டரோடு,
என் குடும்பத்தை வாய்நிறைய விசாரித்தபடி.

ஆளாளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள்.
இங்க போடு, அங்க போடு.
விழுந்த மரம் விழுந்து முடித்திருக்காது;
வளைந்து கிடக்கிற கிளைக்குள்
இன்னும் கொஞ்சம் காற்று பாக்கி இருக்கும்.
எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது,
எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது,
உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு
நசுங்கிய பக்கம் முதலில், ஒரு விரல்கடை மட்டும்.
பிறகு விறைத்த பக்கம்.
அப்படியும் துள்ளியது.
நான் அங்கே நிற்கவில்லை.

அடிமரத்தில் பொறி பறந்தது.
ஆணி.
டியூஷன் போர்டு, கட்சி போர்டு,
வீடு வாடகைக்கு, மூலம் பவுத்திரம்,
அத்தனை ஆணியையும் மரம் விழுங்கி வைத்திருந்தது.
பல் போனது. செயின் மாற்றினேன்.

அப்போதுதான் அந்த அம்மா
கிளைக்கடியில் குனிந்து வந்தார், கையில் காலி பாட்டில்.
ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரப்போகிறது,
பெட்டி நின்றுவிடும்.
பங்க் எல்லாம் தண்ணீருக்குள்.
என் கேனில் இரண்டு லிட்டர்.
அதில் பாதி போனால்
மரம் பாதியில் நிற்கலாம்.
"டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தது, அம்மா.
புகை அடிக்கும்."
"அடிக்கட்டும். நாப்பது வருஷம்
பீடி புடிச்ச மனுசன்தான்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அற்புதராஜ் சிரித்தான், அவனுக்கு முடிந்த பக்கத்தில்.
ஊற்றிக் கொடுத்தேன்.

ஏழு மணிக்குக் கேன் காய்ந்தது.
வண்டி நுழைகிற அகலம் இன்னும் வரவில்லை.
தோளோடு தோள் உரசி நாலு பேர் போகிற
சந்துதான் இருந்தது.
அதற்குள் அவரைத் தூக்கி வந்தார்கள்,
மரத்தூள் மிதக்கும் தண்ணீரில்,
இரண்டு பக்கமும் வெட்டு முகம் ஈரமாய்.
மேளம் ஊறிப்போய்
தொப் தொப்பென்றுதான் பேசியது.

வெட்டிய துண்டின்மேல் உட்கார்ந்து
பழைய செயினுக்கு அரம் போட்டேன்.
ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு, ஒரே திசையில்.
ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.
"இதுக்கு யார்கிட்டப்பா கேக்கறது?"
கொடுங்கையூரில் ரெண்டு வேப்பமரம் என்று
ஜே.ஈ. போன்.
தோளில் இடுக்கிக்கொண்டு
அரத்தை நிறுத்தாமல் பேசினேன்.
ஆட்டோக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.